ஹவுன்ஸ்லோ தேவாலயம் பூட்டப்படாமல் போன கதை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் ஞாயிறு, ஹவுன்ஸ்லோவில் உள்ள சின்ன ஆங்கிலிக்கன் தேவாலயம் ஒன்றைப் பார்க்கப் போனேன். நாங்கள் சைவக்காரர். ஆனால் எனக்கு முன்னமே லண்டனுக்கு வந்த என் தம்பி குகன், எண்பதுகளில் தன் முதல் குளிர்காலம் முழுவதும் படுத்தெழும்பியது அங்கேதான். அந்த இடத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு பஸ். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில். ஹாமர்ஸ்மித்தில் இறங்கி பிக்கடிலி லைனுக்கு மாறவேண்டும். எல்லாமாக ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷன் வாசலில் குகன் காத்து நின்றான்.

மஞ்சள் செங்கல் கட்டிடம். இந்தப் பக்கமெல்லாம் பழத்தோட்டமாக இருந்த காலத்தில் தோட்டக்காரர்கள் சேர்ந்து கட்டியதாம். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து வண்ணக் கண்ணாடிகள் நொறுங்க, வெறும் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதனால் உள்ளே நல்ல வெளிச்சம். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் பிரசங்கம் ஒரு நொடி நின்று தொடர்கிறது. (பழகிவிட்டார்கள்.)

பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் குகன் மிச்சக் கதையைச் சொன்னான். ஊர்ப் பிரச்சினைக்குத் தப்பி ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கி, போக்கிடமில்லாமல் நின்ற எங்கள் யாழ்ப்பாணத்துப் பொடியன்களுக்குப் பாதிரியார் மண்டபத்தைத் திறந்துவிட்டார். சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

"அந்தா, தேத்தண்ணி ஊத்துறா பார், ஜோன் அன்ரி. எங்களை விடக்கூடாதெண்டு எல்லாரிலும் கூடச் சத்தம் போட்டவ அவதான்."

"பிறகு?"

"வாற சனம் குறைஞ்சிட்டுது, சேர்ச்சைப் பூட்டப் போறம் எண்டு மேலிடத்தில இருந்து ஒருத்தர் பார்க்க வந்தவர். சேர்ச் வெறுமையாத் தெரியக்கூடாதெண்டு நாங்கள் எல்லாரும் திருநீறோட போய் வாங்கில வரிசையா இருந்தனாங்கள். இவையெல்லாம் உங்கட சபையோ எண்டு கேட்டார். ஃபாதர் பொய் சொல்லேல்ல, இல்லை எண்டிட்டார்."

"ஐயோ!"

"நான் எழும்பி, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன் அக்கா: குளிருக்க எங்களுக்குக் கதவு திறந்தவை, இப்ப அவையின்ர கதவைப் பூட்டாதேங்கோ எண்டு. எனக்குப் பின்னால ஜோன் அன்ரியும் எழும்பி நிண்டா."

ஒரு வருடம் தவணை கிடைத்தது. அதற்குள் யாழ்ப்பாணத்து ஆங்கிலிக்கன் குடும்பங்கள் சில அங்கே வரத் தொடங்க, பிற்பகலில் தமிழ் ஆராதனையும் தொடங்கியது. பூட்டும் பேச்சு அதோடு அடங்கிப்போனது.

நான் ஜோனின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். "நல்ல பையன். தேநீருக்குச் சீனிதான் கூடப் போடுகிறான்" என்றார் குகனைக் காட்டி.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலையில் போங்கள், மற்ற நாட்களில் கதவு திறந்திருக்குமா என்று சொல்லமுடியாது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஒருநாள் டிராவல்கார்ட் எடுப்பது லாபம். தேநீருக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். மெழுகுதிரி ஏற்ற ஒரு மூலை உண்டு. யாரும் சமயம் கேட்பதில்லை. குகன் சொன்ன பாதிரியார் நான் போவதற்குள் ஓய்வுபெற்று எங்கோ கடலோர ஊருக்குப் போய்விட்டார், அவரைக் காணும் கொடுப்பினை எனக்கில்லை. அவருக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். அங்கே எப்படிக் கும்பிடுவதென்று தெரியாமல், எங்கள் வழக்கப்படி தலைக்குமேல் கைகூப்பி நின்றேன்.