சீசரின் பிடி

என் அக்காள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் நெடுநாள் ஒரு கை கிடந்தது. தடித்த சணல் துணியில் தைத்த உறை அது, தோளிலிருந்து மணிக்கட்டு வரை மாட்டிக்கொள்வது. மும்பை செம்பூரில் ஒரே அறையும் சமையலறையும் உள்ள வீடு. அதற்குள் நான்கு பேரும் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டும் இருந்ததால் அதை வைக்க வேறு இடமில்லை. நாயின் எச்சில் ஊறிக் காய்ந்த வாடை, பால் எடுக்கப் போனாலே மூக்கில் ஏறும். "சாமி படத்துக்கு எதுக்க இந்தக் கருமத்த வைக்காதீயன்னா கேட்டாத்தான," என்று வெள்ளிக்கிழமை தவறாமல் அக்காள் முணுமுணுப்பாள். அத்தான் அதைக் காதில் வாங்கியதே இல்லை.

அத்தான் தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர். செக்யூரிட்டி ஏஜென்சி ஒன்றில் சூப்பர்வைசர். பெயர்தான் பெரிது. அடுக்குமாடி சொசைட்டியின் செக்ரட்டரி முதல் கார் ஓட்டிவரும் கல்லூரிப் பையன் வரை யார் வேண்டுமானாலும் திட்டலாம். ஒருமுறை கேட்டில் நடந்த கைகலப்பில் அவர் ஒதுங்கி நின்றுவிட்டார் என்று, ஆபீசில் கொஞ்ச நாள் அவரை 'டர்ப்போக்' என்றே கூப்பிட்டார்கள். பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டே அதையும் வாங்கிக்கொண்டார். சீசர் என்ற அந்த நாய் வந்த பிறகுதான் மனிதர் நெஞ்சை நிமிர்த்தித் தெருவில் நடந்து நான் பார்த்தேன்.

ஞாயிறு காலைகளில் சீசரைக் கூட்டிக்கொண்டு, மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்குப் போவார். நானும் தொற்றிக்கொள்வேன். காவல் நாய்ப் போட்டிக்கான பயிற்சி அங்கே நடந்தது. சணல் உறை மாட்டிய ஆள் திருடனாக நடிப்பார். நாய் பாய்ந்து அந்தக் கையைக் கவ்வி, சொன்னதும் விட வேண்டும். கவ்வுகிற விதத்துக்குத்தான் மதிப்பு. கடைவாய்ப் பல் வரை அழுந்த, வாய் நிறையக் கவ்வி, அசையாமல் பிடித்திருந்தால் அது தைரியமான நாய். முன்பல்லால் கடித்து, விட்டு, இடம் மாற்றி மாற்றிக் கடித்தால் பயந்த நாய். அந்த மைதானத்தில் இதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை, அத்தானும் சேர்த்து.

ஆரம்பத்தில் சீசரின் பிடியைப் பார்க்க மற்ற நாய்க்காரர்கள் கூடி நிற்பார்கள். பிறகு திடீரென்று அந்தப் பிடி மாறிவிட்டது. நுனிப்பல்லால் கவ்வுவான், உடனே விடுவான், திரும்பவும் கவ்வுவான். பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அவர் வாயிலிருந்த குட்காவைத் துப்பிவிட்டு, "டர்ப்போக் ஹை தேரா குத்தா," என்றார், உன் நாய் பயந்தாங்கொள்ளி என்று. அத்தானின் முகம் செத்துப்போனது. போட்டிக்கு முன்னால் அந்தப் பயத்தைப் போக்கியாக வேண்டும் என்று முடிவாயிற்று. கூழாங்கல் போட்ட பிளாஸ்டிக் கேனைச் சீசரின் காதருகே குலுக்கினார்கள். தலைக்கு மேல் மூங்கில் குச்சியை வீசினார்கள். அவன் கவ்விய உறையை வெடுக்கென்று இழுத்தார்கள், அப்போதாவது இறுக்கிப் பிடிப்பான் என்று. வாரத்துக்கு வாரம் இது கூடிக்கொண்டே போனது.

அதே நாட்களில் வீட்டில் சீசர் காய்ந்த சப்பாத்தியைத் தொடமாட்டான். பருப்பில் ஊறவைத்தால்தான் தின்பான். எலும்பு போட்டால் நக்கிவிட்டுப் போய்விடுவான். அக்காளுக்கு அதில் பெருமை வேறு. "ராசா வீட்டுப் பிள்ளைல்லா! பிச்சுப் போட்டு ஊறவச்சாத்தான் தொண்டைல எறங்கும்," என்று என்னிடம் சிரித்தாள். நாயைக் கடிக்கப் பழக்குவது அவளுக்கு அடியோடு பிடிக்காது. அதனால் மைதானத்துப் பேச்சை அத்தான் வீட்டுக்குள் எடுப்பதில்லை. அடுப்படிச் சங்கதி எதுவும் மைதானத்துக்குப் போவதுமில்லை. இரண்டையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாயைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு. தூரத்திலிருந்து நீள ஓட்டம் விட்டுப் பார்க்கலாம் என்றார் மாஸ்டர். வாரை அவிழ்க்கும் முன் அத்தான் குனிந்து சீசரின் காதில், "மானத்த வாங்கிராதல. நல்லாக் கடிக்கணும், என்ன?" என்றார். சீசர் பறந்தான். உறை மாட்டியிருந்தவர் ஒரு ஹோட்டலில் பவுன்சர், நல்ல கனத்த ஆள். நாய் வந்து விழும்போது அதன் வேகத்தோடு சேர்ந்து உடம்பைத் திருப்பிவிட வேண்டும். அவருடைய ஷூ சேற்றில் புதைந்துவிட்டது, திரும்ப முடியவில்லை. சீசர் சுவரில் மோதியதுபோல் மோதினான். கழுத்து மடங்க, உடம்பு சுழன்று, முதுகு தரையில் அடித்தது. யாரோ "ஷாபாஷ்!" என்று கத்தினார்கள். சீசரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. முன்னங்கால்களை மட்டும் ஊன்றி எழுந்து, பின்பாகத்தை இழுத்துக்கொண்டு, மறுபடியும் அந்த உறையை நோக்கியே நகர்ந்தான்.

இரண்டு ஆட்டோக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். ஒரு டெம்போவில் போட்டு மிருக டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அக்காளும் ஓடிவந்துவிட்டாள். எக்ஸ்ரே எடுப்பதற்காகச் சீசரை மயக்கி வாயைத் திறந்த டாக்டரம்மா, எங்களை உள்ளே கூப்பிட்டார். முதுகெலும்பைப் பற்றிச் சொல்லும் முன் பல்லைக் காட்டினார். இடது மேல்வரிசைக் கடைவாய்ப் பல் குறுக்கே பிளந்து, வேர் வரை கறுத்து, ஈறு சீழ் கட்டியிருந்தது. இன்று உடைந்ததில்லை, பல வாரங்களாக வலித்திருக்கும், அழுத்திக் கடித்தால் உயிர் போகும் என்றார். இதை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டான் என்று கேட்டார். "ஊறவச்சு..." என்று தொடங்கிய அக்காள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான், "ஒரு நாளாவது கத்துனானாம்மா? கத்தவே இல்லையே," என்று, இந்தியே மறந்துபோனவர்போல், தமிழிலேயே அவரிடம் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் இந்தியில் சொன்னேன். பாய்கிற வெறியில் நாய் வலியைக் காட்டாது என்றார் டாக்டரம்மா. அதை நான் அத்தானுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பல்லைப் பிடுங்கினார்கள். ஒரு பின்னங்கால் ஓரளவு தேறியது, மற்றது தேறவில்லை. அத்தான் உறையைக் குப்பையில் போட்டார், மைதானத்துப் பக்கமே போகவில்லை. சில மாதங்கள் கழித்து ஒருநாள் குளித்துவிட்டு, ஈரத்துண்டை இடது கையில் சுற்றியபடி அறைக்குள் வந்தார். பாயில் கிடந்த சீசர் அந்தக் கையைப் பார்த்தான். தரையில் உரசி உரசி வந்து துண்டோடு கையைக் கவ்வினான். வாய் நிறைய, கடைவாய் வரை, ஆடாமல் அசையாமல், வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு. மாஸ்டர் கேட்ட பிடி அதுதான். வலி போனதும் அதை அவனாகவே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அத்தான் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

சீசருக்கு வயதாகிவிட்டது, எழுந்து நிற்பதற்குள் மூச்சு வாங்குகிறது. போன வாரம் அக்காள் வீட்டுக்குப் போனேன். வெளியே நல்ல மழை. கழற்றிய ரெயின்கோட்டைக் கை மேல் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றேன். அத்தான் விறுவிறுவென்று வந்து அதை உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கைல தொங்கவிடாத மாப்ள," என்றார் மெதுவாக. "பாத்தாம்னா எந்திரிச்சி வந்துருவான்."