எனக்கு வரவேண்டிய பாதி

போன வாரம் ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு, மரத்துப்போன வாயோடு பக்கத்து பேக்கரியில் டீ சொல்லிவிட்டு நின்றேன். மரத்த வாயால் டீ குடித்தால் பாதி உள்ளே போகும், பாதி சட்டைக்குப் போகும். தெரியும். ஆனாலும் டீ வாசத்தைத் தாண்டிப் போகிற அளவுக்கு நான் இன்னும் பக்குவப்படவில்லை.

ஓரமாக இரண்டு பையன்கள், கழுத்தில் கம்பெனி அட்டையோடு. ஒருவன் சிகரெட்டைப் பாதிவரை இழுத்தான். பிறகு பஞ்சுப் பக்கத்தைத் திருப்பி மற்றவனிடம் நீட்டினான். அவன் பேச்சை நிறுத்தாமலே வாங்கிக்கொண்டான். நான் வெறித்துப் பார்த்திருக்க வேண்டும். "சாரிங்க சார்" என்று புகையைக் கையால் விசிறி விட்டான். தம்பி, புகை எனக்குத் தொந்தரவே இல்லை, வயிறுதான் எரிகிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

தொண்ணூறுகளில் நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். சட்டை, சோற்றுப் போசி, தலைமுடி எல்லாவற்றிலும் வார்னிஷ் வாசம். என் கல்யாண நாளன்றுகூட அந்த வாசம் வந்ததாக வீட்டுக்காரி இன்றும் சொல்கிறாள். லேத்தில் இருந்தவர் சென்னியப்பண்ணன். அன்னூரிலிருந்து பஸ் பிடித்து வருவார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். டீ நேரத்தில் நாங்கள் இருவரும் கேட்டுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போவோம். கடைக் கம்பத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு நுனியில் கனன்றபடி தொங்கும். அதில் பற்றவைத்து, ஒரு சிகரெட்டை இரண்டு பேர்.

"ஆளுக்கு ஒண்ணு புடிச்சாத்தானுங்க தம்பி கெட்ட பழக்கம். பாதின்னா, பாதிக் கெட்ட பழக்கம்" என்பார். எனக்கு அது பெரிய நியாயமாகத் தெரிந்தது.

முதல் பாதி வெறும் காற்று, இரண்டாம் பாதியில்தான் விஷயமே இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் எப்போதும் முதல் பாதியைத்தான் எடுத்துக்கொள்வார். பஞ்சு நனையாமல் இழுத்து, சரியாகப் பாதியில் திருப்பி, "இந்தாங்க தம்பி" என்று நீட்டுவார். என் கை அந்தப் பக்கம் பார்க்காமலே போய் வாங்கும்.

நாற்பதை எட்டும்போது எனக்கு இருமல் பிடித்தது. மாடி ஏறினால் விசில் சத்தம் வந்தது. "இதோட விட்டுருங்க. புடிக்கறவங்க பக்கத்துலயும் நிக்காதீங்க" என்றார் டாக்டர்.

"பாதிதானுங்க டாக்டர்."

"நுரையீரலுக்குப் பாதி, முழுசெல்லாம் தெரியாதுங்க."

விட்டேன். கடலை மிட்டாய், கொய்யாக்காய், பென்சில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கடித்து ஒருவழியாக விட்டேன். அதைக்கூடத் தாங்கிவிட்டேன். தாங்க முடியாதது வேறு. சென்னியப்பண்ணன் என்னை டீக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஸ்டோர்ஸுக்குப் புதிதாக வந்திருந்த ஜாபர் பாயைக் கூட்டிக்கொண்டு போனார். கோட்டைமேட்டுக்காரர், நல்ல உயரம், சுருட்டை முடி, சிரித்தால் பார்க்கிறவருக்கும் சிரிப்பு வரும். அத்தனையும் எனக்குப் பிடிக்காமல் போனது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவுக்கு அந்தப்பக்கம் இரண்டு முதுகுகளும் நடுவே கொஞ்சம் புகையும்தான் தெரியும். என் பாதி இப்போது அந்த உயரமான ஆளுக்குப் போகிறது. அந்த ஆள் பஞ்சை நனைப்பாரோ என்னவோ!

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, சக்களத்தி வந்தவளாட்ட மூஞ்சிய வெச்சிருக்கறீங்க?"

மோரை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். அவள் சொன்னது சரிதான்.

ஒருநாள் காப்பர் கம்பி வாங்க ஸ்டோர்ஸுக்குப் போனபோது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என்னங்க பாய், ரெண்டாம் பாதி நல்லாருக்குதுங்களா?"

"என்ன பாதிங்க?"

"அண்ணன் குடுக்கற சிகரெட்டுங்க."

"அய்ய, நான் அதத் தொட்டதே இல்லீங்க! டீக்குப் போறேன், அவ்வளவுதான்."

"அப்ப மீதிய அவரே புடிச்சர்றாருங்களா?"

"எங்கீங்க! பாதி வந்ததும் கையத் திருப்பறாரு, அப்புறம் முழிக்கறாரு. கீழ போட்டு மிதிச்சுப்போட்டு வந்தர்றாரு. உங்களக் கூப்புடலாம்னு நாந்தான் சொன்னனுங்க. வேண்டாங்க, பாத்தா மறுக்காவும் ஆரம்பிச்சுருவாருன்னு அண்ணன் சொல்லிப்போட்டாரு."

கம்பியை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் கூப்பிடாமலே பின்னால் போனேன். சென்னியப்பண்ணன் திகைத்தார். "டாக்டரு பக்கத்துல நிக்க வேண்டாம்னாரல்லங்க?"

"பாலக்காட்டுக் காத்துங்ணா. இந்தப்பக்கம் நின்னா எம்மேல வராது."

ஜாபர் பாய் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு டீயைப் பார்த்தார். அண்ணன் கயிற்றில் பற்றவைத்தார். ஊர்க்கதை பேசினோம். பாதி வந்ததும் கையைத் திருப்பி, "இந்தாங்க தம்பி" என்று நீட்டியேவிட்டார். என் கையும் பழையபடி போய் வாங்கிவிட்டது. மூன்று பேரும் அதையே பார்த்தோம். விரல் இடுக்கில் சூடு ஏறியது. வாயில் எச்சில் ஊறியது. இழுத்திருந்தால் அவர் ஜென்மத்துக்கும் என்னைப் பக்கத்தில் சேர்த்திருக்க மாட்டார்.

கீழே போட்டேன். செருப்பால் நன்றாகத் தேய்த்தேன்.

"இதென்னங்க தம்பி?"

"எம்பட பாதிங்ணா. நானே மிதிச்சுக்கறேன்."

அன்று முதல் அது என் வேலையானது. அவர் நீட்டுவார், நான் வாங்கி மிதிப்பேன். அந்த மரியாதை ஜாபர் பாய்க்கு ஒருநாளும் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளியில் சொன்னால் அசிங்கம்.

கொஞ்ச காலத்தில் அண்ணனும் விட்டுவிட்டார். ஜாபர் பாய் எடுத்துச் சொன்னாராம், விட்டுவிட்டாராம். நான் அத்தனை நாள் மிதித்துக் காட்டியும் விடாதவர்! இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் எரிகிறது.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. பெட்டிக்கடை செல்போன் கடையாகிவிட்டது. நுனியில் கனன்றபடி கயிறு தொங்குகிற கடை ஒன்று எங்காவது மிச்சமிருக்குமா என்று மதுக்கரை வரைக்கும் கண்ணால் தேடிக்கொண்டே போனதுண்டு. இல்லை. சென்னியப்பண்ணன் அன்னூரிலேயே காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. நானும் ஜாபர் பாயும் ஒரே பஸ்ஸில் துக்கத்துக்குப் போய்வந்தோம்.

பேக்கரியில் அந்தப் பையன்கள் கிளம்பினார்கள். இரண்டாமவன் துண்டைக் கீழே போட்டுவிட்டு நடந்தான். அது இன்னும் புகைந்துகொண்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தேன்.

முதலாமவன் அதற்குள் திரும்பி ஓடிவந்து, "சாரிங்க சார்" என்று அவனே மிதித்துவிட்டுப் போய்விட்டான்.