சந்தனம் அரைத்த சாணைக்கல்

என் கணவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். மெல்பேர்னில் ஒரு கத்திக் கடை. கியோட்டோப் பக்கத்து மலையில் வெட்டியெடுத்த இயற்கைச் சாணைக்கற்களை ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்து, விரலால் தடவி, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நின்றார். கடைசியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு கல் எங்கள் நார்த்மீட் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அன்று முதல் குசினியில் எனக்கு இரண்டாம் இடம்தான். ஈரம் ஏறி வெடிக்காமலிருக்க அதன் பக்கங்களுக்கு வார்னிஷ் பூசினார். தீட்டும்போது கல்லின் மேல் பால் போல ஊறும் சேற்றை நான் கழுவப் போனால், "ஐயோ, விடும்! அந்தச் சேறுதான் கத்தியைத் தீட்டுறது" என்று பதறுவார். எண்ணெய் பட்டால் கல்லுக்குள் ஊறிக் கெட்டுவிடுமாம். தோசை சுடும் நாட்களில் அதை ஜன்னல் விளிம்புக்குக் குடிபெயர்ப்பார். பரமட்டாவில் நாள் முழுதும் கணக்குப் பார்த்துவிட்டு வரும் மனுஷன், கொஞ்ச நேரம் அந்தக் கல்லோடு இருந்தால் முகம் தெளிந்துவிடும். அதற்காகவே பொறுத்துக்கொண்டேன். தக்காளி சொன்ன சொல் கேட்டு வெட்டுப்பட்டதும் உண்மை.

போன தை மாதம் அவருடைய அக்கா, என் மச்சாள், மெல்பேர்னிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். தன் கணவர் இறந்த பிறகு மச்சாள் நெற்றியில் ஒன்றும் வைப்பதில்லை, நல்ல காரியங்களுக்கு வருவதில்லை. யாரும் தடுக்கவில்லை. தானாகவே ஒதுங்கிக்கொண்டார். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூப்பிட்டால், "நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் வீட்டைப் பாக்கிறன்" என்பார். இவர் போய்க் கத்தி தீட்டுவார். அக்காவின் வெறும் நெற்றியைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கோயிலுக்குப் புறப்படக் குளித்துவிட்டு வந்தால் வீடெல்லாம் சந்தன வாசம். மச்சாள் குசினி நிலத்தில் சம்மணமிட்டு இருந்து, சாமி அறையில் சும்மா கிடந்த சந்தனக்கட்டையை இவருடைய கல்லில் வட்டம் வட்டமாக அரைத்துக்கொண்டிருந்தார்.

"கடையில வாங்கின பக்கெற்றுச் சந்தனத்தைச் சாமிக்கு வைக்கிறீர். கட்டையும் இருக்கு, ஜன்னலில நல்ல சந்தனக்கல்லும் இருக்கு. பிறகேன்?" என்றார் என்னிடம்.

சந்தனத்தில் இருப்பதும் எண்ணெய்தானே. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பின்னால் வந்து நின்றுவிட்டார். கல்லைப் பார்த்தார். அக்காவின் கையைப் பார்த்தார். இப்போது ஒரு சொல் சொன்னால் மச்சாள் அந்தக் கட்டையை இனி ஆயுளுக்கும் தொடமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இவர் குனிந்து, ஒரு விரலால் சந்தனத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்தார். பிறகு அக்காவின் நெற்றியிலும் வைத்தார்.

"எனக்கேனடா இது?" மச்சாள் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"அரைச்ச ஆளுக்கு இல்லாமலோ?"

மச்சாள் அதை அழிக்கவில்லை. "சேலை மாத்திப்போட்டு வாறன்" என்று எழும்பினார். ஹெலன்ஸ்பர்க் போகும் வழியெல்லாம் பின்சீற்றில் இருந்தபடி என் காரோட்டத்தில் பிழை பிடித்தார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். இரண்டு பேர் நெற்றியிலும் பாதி சந்தனம், பாதி ஜப்பான் மலை என்று நினைக்கச் சிரிப்பும் வந்தது.

மச்சாள் திரும்பிப் போகும்போது இவரே கல்லைத் துவாயில் சுற்றி அவருடைய பெட்டிக்குள் வைத்துவிட்டார். அது சாணைக்கல் என்று மச்சாளுக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் கத்திகள் மொட்டையாகிவிட்டன. தக்காளியை வெட்டுகிறேனா நசிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இருந்தும் நான் வாயே திறக்கவில்லை. என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக் காலைகளில் இவர் அக்காவை வீடியோவில் கூப்பிடுவார். சாப்பாடு, பிரஷர் ஒன்றையும் விசாரிப்பதில்லை.

"கல் எப்பிடியக்கா? நல்லா அரைபடுதோ?"

மச்சாள் போனை நெற்றிச் சந்தனத்துக்குக் கிட்டக் கொண்டுவருவார்.