ஒன்றரை அங்குலம்

காரின் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கந்தவேல் தொப்பியின் விளிம்பை இரண்டு விரல்களால் பிடித்துப் புருவத்துக்குக் கீழே இழுத்துவிடுவார். கை கூப்புவது அதற்குப் பிறகுதான். தலையை மட்டும் லேசாக அசைத்து, "வாங்க, வாங்க" என்பார். குனிய மாட்டார்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நாற்கரச் சாலையில், ஒரு பெரிய உணவகத்தின் வாசலில் கௌபாய் வேடத்தில் நின்று வருகிறவர்களை வரவேற்பது அவருக்கு வேலை. காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரை. பழுப்பு நிற ஃபெல்ட் தொப்பி, கழுத்தில் சிவப்புத் துணி, முழங்கால் உயர ரெக்சின் பூட்ஸ். பக்கத்தில் ஒரு ஃபைபர் குதிரை. குழந்தைகள் குதிரையோடும் அவரோடும் நின்று படம் எடுத்துக்கொள்ளும். அவருக்கு வயது அறுபத்திரண்டு.

தொப்பி அவருக்கென்று வாங்கியதல்ல. முன்பு அதே இடத்தில் நின்ற வீரன் என்ற பயில்வானுக்கு வாங்கியது. உட்சுற்று இருபத்து மூன்றரை அங்குலம். கந்தவேலின் தலை இருபத்திரண்டு. வருகிறவர்களைக் குனிந்து வணங்கும்படி மேலாளர் சபரிநாதன் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "குனிஞ்சா தொப்பி உழுந்துருதுங்க." அந்த ஒன்றரை அங்குல இடைவெளியில்தான் அவருடைய மானம் குடியிருந்தது.

எருமப்பட்டியில் பன்னிரண்டாயிரம் கோழிகளோடு பண்ணை வைத்திருந்தவர் அவர். இன்றும் முட்டை லாரி போனால் தலை தானாகத் திரும்பும். "அட்டை அடுக்குன லட்சணத்தப் பாரு. ஓசூர் போறதுக்குள்ள பாதி உடஞ்சிரும்" என்று குதிரையிடம் சொல்வார்.

பண்ணையை மூடி ஆறு வருடங்கள் ஆகின்றன. கொட்டகைத் தகரங்களைப் பங்காளி செங்கோட்டையன் ஆள் விட்டு வாங்கித் தன் மாட்டுக் கொட்டகைக்குப் போட்டுக்கொண்டார். நேரில் வந்து வாங்க முடியாது. பொதுக் கிணற்றுத் தகராறில் இருவருக்கும் பதினோரு வருடங்களாகப் பேச்சு இல்லை. அந்தத் தகரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு ஊரில் இருக்கப் பிடிக்காமல் கந்தவேல் மனைவி அங்கம்மாளோடு ராசிபுரத்தில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன வேலை என்று ஊர்க்காரர்கள் கேட்டால், "ஓட்டல்ல மேனேஜருங்க" என்பார். செங்கோட்டையன் காதுக்கு எட்டட்டும் என்றே சற்று உரக்கச் சொல்வார். எட்டியும் விட்டது.

செங்கோட்டையன் மூட்டு வைத்தியத்துக்காக மாதத்தின் முதல் சனிக்கிழமை சேலம் போகிறவர். மார்ச் மாதம் அவருடைய வெள்ளைக் கார் இந்த உணவகத்தில் நின்றது. பேத்தி நித்யஸ்ரீ ஓடி வந்து கந்தவேலின் கையைப் பிடித்துக்கொண்டாள். செங்கோட்டையன் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"தொப்பிக்காரரே, சித்த இப்படித் திரும்புங்க."

கந்தவேல் திரும்பினார். மூக்குவரை நிழல். படம் எடுத்தவருக்கு ஆள் தெரியவில்லை. அன்று வீட்டில் அங்கம்மாளிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். "பதினோரு வருசமா என்ற மூஞ்சில முழிக்கமாட்டேன்னு இருந்தவன், இப்பப் போனுல என்னைய வெச்சுக்கிட்டுத் திரியறான்."

ஏப்ரல் கடைசியில் சபரிநாதன் கூப்பிட்டார். "பெரியவரே, போட்டோவுல உங்க மூஞ்சியே தெரியறதில்லையாம். ரிவ்யூல எழுதிட்டாங்க. ஊட்டுல குடுத்துத் தொப்பிய அளவா பண்ணிட்டு வாங்க. இல்லீன்னா அளவான தலையா நாங்க பாத்துக்கறோம்."

வீட்டு வாடகையும் அங்கம்மாளின் சர்க்கரை மாத்திரையும் இந்தத் தலையை நம்பித்தான் இருந்தன.

"முக்கால் அங்குலம் கொறச்சாப் போதும்" என்றார் கந்தவேல், தொப்பியை மனைவியிடம் நீட்டி.

"அரையுங் கொறையுமா எதுக்குங்க? மூஞ்சிய மறைக்க நாம என்ன ஆடு திருடற ஆளா?"

"நீ ஒரு நாளு அங்க நின்னு பாரு. அப்பறம் பேசு."

"நிக்கறேன். அந்தக் குதிரைய எடுத்துப்போட்டுட்டு என்னைய நிறுத்தச் சொல்லுங்க."

அங்கம்மாள் எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவர். தொப்பியின் உட்பட்டையைத் தையல் பிரித்து எடுத்தார். இட்லிப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தொப்பியை ஆவியில் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஃபெல்ட் இளக இளக, வீரன் தலையில் தேய்த்த எண்ணெயின் வாடை வீடு முழுக்கப் பரவியது. இருபத்திரண்டு அங்குலச் சுற்றளவில் பாத்திரம் வேண்டும். தையல் நாடாவோடு அடுக்களையை அளந்தார். ஏழு பாத்திரங்கள் தேறவில்லை, எட்டாவது தேறியது. கந்தவேலுக்குப் பண்ணைக்குச் சோறு கொண்டுபோன தூக்குப்போசி. அதைக் கவிழ்த்து, மேலே தொப்பியை மாட்டி, விளிம்புக்குச் சற்று மேலே கயிற்றைச் சுற்றி இறுக்கினார். மறுநாள் வரை காயட்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

அந்த நேரத்தில் கந்தவேல் கயிற்றை நெகிழ்த்தப் பார்த்தார். இரட்டை முடிச்சு. நகம்தான் பிய்ந்தது.

காய்ந்த தொப்பியில், ஒன்றரை அங்குலம் வெட்டிய உட்பட்டையை அங்கம்மாள் திரும்பத் தைத்தார். கணவரின் தலையில் வைத்துக் கண்ணாடி முன் நிறுத்தினார். நெற்றி, இடது புருவத்துத் தழும்பு, மூக்கு எல்லாம் வெளியே இருந்தன.

"இப்பத்தானுங்க லட்சணமா இருக்குது."

கந்தவேல் கண்ணாடியைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை மே மாதத்தின் முதல் சனி. விடுப்புக் கேட்டார். முகூர்த்த நாள், கூட்டம் வரும் என்று சபரிநாதன் மறுத்துவிட்டார்.

பதினொன்றே காலுக்கு வெள்ளைக் கார் வந்தது. நித்யஸ்ரீ முதலில் இறங்கினாள். "தாத்தா, அதே தொப்பித் தாத்தா! போட்டோ எடுங்க!"

செங்கோட்டையன் ஊன்றுகோலோடு இறங்கிப் போனைத் தூக்கிப் பிடித்தார். பிடித்தபடியே சிறிது நேரம் நின்றார். பிறகு மெதுவாக இறக்கினார்.

கந்தவேலின் இரண்டு விரல்கள் தொப்பியின் விளிம்புக்குப் போயின. இழுத்தார். அது இறங்கவில்லை.

"வா சாமி, போலாம்" என்றார் செங்கோட்டையன், பேத்தியின் தோளைப் பிடித்து. "மேனேஜரு வேலையா இருக்கறாரு."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சபரிநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். கந்தவேல் கைகூப்பி இடுப்பு வரை குனிந்தார். ஊன்றுகோலின் ரப்பர் முனை படியேறிக் கதவைத் தாண்டும்வரை நிமிரவில்லை. தொப்பி விழவில்லை.