கையெழுத்து வைத்தால் ஊருக்குப் போகமாட்டோமா?

போன சனிக்கிழமை, சுவிஸில் ஓர்லிகோனில் இருக்கும் எங்கள் அறைக்கு ஒரு காப்புறுதி ஏஜென்ட் வந்தார். கூப்பிட்டது நான்தான். புதிதாக எதைக் கேள்விப்பட்டாலும் உடனே வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுகிற வியாதி எனக்கு!

விஷயம் இதுதான். இப்போதிருந்தே மாதாமாதம் கட்ட வேண்டும். வயதான காலத்தில் படுக்கையில் விழுந்தால், பராமரிக்க ஆள் வைக்கும் செலவு அவர்களுடையது.

நான் நினைத்தது என் அறைவாசி நேசன் அண்ணையை. நாற்பது தாண்டியவர். ரெஸ்டோரண்ட் சமையலறையில் பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி, முதுகு இப்போதே முறையிடுகிறது. மனைவி இன்னும் யாழ்ப்பாணத்தில். இங்கே விழுந்தால் யார் தூக்குவது?

ஏஜென்ட் மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கியபடி விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"ஊரிலை விழுந்தாலும் தருவினமோ? கேள்."

கேட்டேன். இல்லையாம். முதுமையில் சுவிஸில் இருந்தால்தானாம்.

பேனா மேசைக்குத் திரும்பியது.

"வாற பொங்கலுக்கு நான் ஊரிலை எண்டு இவருக்குச் சொல்லு."

"போன பொங்கலுக்கும் இதைத்தானே அண்ணை சொன்னனீங்கள்?"

"போடா! இதிலை கையெழுத்து வைச்சா, திரும்பி வரமாட்டன் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி. உன்ரை அண்ணிக்கு என்ன சொல்லுறது?"

எங்கள் அறையில் இன்றுவரை ஓர் அலுமாரி கிடையாது. உடுப்பெல்லாம் சூட்கேஸில்தான். போகிறவர்களுக்கு எதற்கு அலுமாரி... வருடக்கணக்காக இப்படித்தான் போய்க்கொண்டே இருக்கிறோம்.

ஏஜென்ட் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அண்ணை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, குனியேலாமல் கிடக்கு. சப்பாத்து நாடாவை ஒருக்கால் கட்டிவிடு."

"இதுக்குத்தானே அண்ணை நேற்று அந்த மனிசன் வந்தவர்?"

"அவன் வந்து கட்டுவானோ? நீ இருக்கிறாய்தானே."

"ஓம், இருக்கிறன்."

முழு வாரமும் வேலை செய்த களைப்பில் மனிதன் வேறென்ன சொல்லுவான்? முடிச்சை இறுக்கும்போதுதான் உறைத்தது — அண்ணை ஏற்கெனவே காப்புறுதி எடுத்துவிட்டார். அது நான்தான்.

சரி, எனக்கு யார்?

ஏஜென்ட் புதன்கிழமை மறுபடி வருகிறார். அண்ணை வேலைக்குப் போன பிறகு.