ரோசம்மா கழுவிய முயல் புண்

ரோசம்மா போய்விட்டாள்.

நேற்று மத்தியானம், கூடலூரில், மகள் வீட்டில். அவள் பேரன் வாட்ஸ்அப்பில் போட்டோவோடு மெசேஜ் போட்டிருந்தான்... தொண்ணூற்றிரண்டு வயது. எனக்கும் அதே வயதுதான்.

இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். பொய் சொன்னதற்காக உங்களையெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவன் நான். அதனால் இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

உலகச் சண்டை முடிந்த சமயம். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மிஷன் பள்ளியில் நானும் ரோசம்மாவும் எட்டாம் வகுப்பு.

அங்கே மருந்தறையைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர், கொடைக்கானலிலிருந்து ஒரு வெள்ளை முயலைக் கொண்டுவந்து செல்லமாக வளர்த்தார். கூண்டு வைத்த இடம் சிமெண்ட் தரை, எப்போதும் ஈரம்... முயலின் பின்னங்கால் அடியில் ரோமம் உதிர்ந்து, காலணா அகலத்துக்குப் புண் வந்துவிட்டது.

சிஸ்டர் களிம்பு தடவினார். துணி சுற்றினார். முயல் துணியைக் கடித்துப் போட்டுவிட்டுக் களிம்பையும் நக்கிவிடும்.

ரோசம்மாதான் போய்க் கேட்டாள். "மருந்தே வேணாம் சிஸ்டர். ஈரத்துல கெடக்குறதுனாலதான் ஆற மாட்டேங்குது. காஞ்ச வைக்கோலப் போட்டு நான் பாத்துக்கிறேன்."

தினம் இரண்டு வேளை வைக்கோல் மாற்றுவாள். காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பாள். முயலை மடியில் வைத்து அதன் கண்ணைத் தாவணியால் மூடிக்கொள்வாள், அது அசையாமல் கிடக்கும்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் சிஸ்டர், "எட்டாவது முடிக்கட்டும், இவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் நர்ஸுக்குப் படிக்க வைக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ரோசம்மா வீட்டில் அவளை மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இருந்த ஒரே வழி இதுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்புச் சட்டாம்பிள்ளை நான். வீட்டில் நாலு ஜோடி மாடு.

"ஏ புள்ள, மூணு வாரமா கழுவிக்கிட்டே இருக்க. எங்க மாட்டுக்குக் கழுத்துப் புண்ணு நாலே நாள்ல ஆறிப்போகும், தெரியுமா?"

"மாடு வேற, மொசலு வேற. நாளானா ஆகட்டும்."

நுகத்தடி உரசிக் கழுத்தில் புண்ணாகிப் புழு வைத்தால், எங்கள் அப்பா புகையிலை ஊறவைத்த தண்ணீரை ஊற்றுவார். மாட்டால் தன் கழுத்தைத் தானே நக்க முடியாது... அது அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை.

முயல் புண் ஆறவே இல்லை என்பதால்தான் அந்தப் புகையிலைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போனேன். சாப்பாட்டு மணி அடித்த நேரம், கூண்டுப் பக்கம் யாரும் இல்லை. ஊற்றினேன்.

முயல் உடனே காலை நக்க ஆரம்பித்தது. நான் பாட்டிலை வாய்க்காலில் வீசிவிட்டு வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வைக்கோல் மாற்றப் போன ரோசம்மா பார்த்தபோது அது வாயில் நுரை தள்ளி, காலை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்ததாம். அவள் மடியிலேயே செத்தது.

சிஸ்டர் வகுப்புக்கு வந்து கேட்டார். "யார் என்ன போட்டது?"

"உப்புத் தண்ணி மட்டுந்தான் சிஸ்டர்..."

"உப்புத் தண்ணியில் முயல் சாகுமா?"

ரோசம்மா அழுதுகொண்டு நின்றாள். நான் முதல் பெஞ்சில் இருந்தேன், எழுந்து நிற்கவில்லை. அப்பாவின் சாட்டைக்குப் பயம், சட்டாம்பிள்ளைப் பதவி போய்விடுமே என்று பயம்.

மதுரைப் பேச்சு அத்தோடு நின்றுபோனது. அந்த வருஷமே அவள் அம்மாவோடு மலை ஏறிவிட்டாள், ஏலக்காய் பறிக்க.

பிற்காலத்தில் ஒரு மாட்டு டாக்டரிடம் யாரோ சொன்ன கதைபோலக் கேட்டுப் பார்த்தேன். "நக்கியிருந்தா அந்தப் புகையிலைதான் சார் கொன்னுருக்கும்" என்றார். அன்றைக்கும் வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேலே, புண் ஆறவே இல்லை என்று எழுதினேன்... இந்த வயதிலும் பொய் வருகிறது பாருங்கள்.

ஆறிக்கொண்டுதான் இருந்தது. ஊற்றும்போதே பார்த்தேன், ஓரமெல்லாம் சுருங்கிப் புதுத்தோல் வந்திருந்தது. அவள் பெயர் வாங்கிவிடுவாள், அதற்குள் என் மருந்தால் ஆறியதாக இருக்கட்டும் என்றுதான் ஊற்றினேன்.

சில வருஷம் முன்னால் கூடலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். முடியெல்லாம் நரைத்து... அதே சிரிப்பு.

"வாத்தியாரே, அந்த மொசலு ஞாபகம் இருக்கா? தண்ணியச் சரியா ஆறவைக்காம ஊத்திட்டேன் போல. சிஸ்டரு அவ்வளவு நம்பிக் குடுத்தாக..."

நான் இலையில் சோற்றைப் பிசைந்தேன்.

"அதுக்கப்புறம் நான் எந்தப் புண்ணையும் தொட்டதில்ல. எம் பிள்ளைக விழுந்து அடிபட்டு வந்தாக்கூட அவுக அப்பாவத்தான் கழுவச் சொல்லுவேன். எங் கைய நானே நம்ப மாட்டேன்."

அவ்வளவு பக்கத்தில் இருந்தாள். சொல்லியிருக்கலாம்.

"பாயசம் வாங்கிக்க ரோசம்மா" என்றேன்.

நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சோறு எப்படி எனக்கு உள்ளே இறங்கியது என்று தெரியவில்லை.

நாளைக் காலை அடக்கம். போகிறேன், அவள் மகளிடம் நேரில் சொல்ல வேண்டும்... அங்கே போய் மறுபடியும் வாய் வராமல் திரும்பிவிடுவேனோ என்று பயந்துதான் முதலில் இங்கே எழுதிவிட்டேன்.

தயவுசெய்து "கிரேட் சார்" என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம்.

ரோசம்மா... உன் கையில் தப்பே இல்லை. நான்தான்.

போய் வா.