குதிரைத் திருடன் விடுதலை

வெண்டல் க்ரீச் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். ஒஹையோவில் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதனால்தானோ என்னவோ, ஊர் அவரைத் திருடனாக்கியது.

அவருடைய ஊரான பெல் க்ரீக்கில் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை ஆப்பிள் கூழ் விழா. பழைய மரக்கட்டை நீதிமன்றத்துக்கு வெளியே செப்பு அண்டாக்களில் கூழ் கொதிக்கும். உள்ளே, நூற்றெண்பது வருஷத்துக்கு முந்தைய குதிரைத் திருடன் இசாயா ப்ளன்ட்டின் வழக்கை நடித்துக்காட்டுவார்கள். பன்னிரண்டு பார்வையாளர்கள் நடுவர்கள். குற்றவாளி என்று அவர்கள் சொன்னதும் இசாயாவை, கழுத்தையும் கைகளையும் பலகைக்கு நடுவே பூட்டும் தொழுமரத்தில் மாட்டுவார்கள். பிள்ளைகள் அழுகிய ஆப்பிளால் அடிப்பார்கள். அந்தக் காலச் சட்டத்தில் இப்படியொரு தண்டனை இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

பத்தொன்பது வருஷமாக இசாயா வெண்டல்தான். பழைய ஏடுகளைப் படித்துவிட்டு, அந்தக் குதிரை தானாகவே அவிழ்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று அவர் மனதார நம்பினார். வருஷா வருஷம் உருகி மன்றாடுவார். நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே குற்றவாளி என்பார்கள்.

அந்த வருஷம் நடுவர்களுக்குத் தலைமையேற்றவள் வெளியூர்ப் பல் மருத்துவர் ஒருத்தி. விழாவின் வழக்கம் அவளுக்குத் தெரியாது. சாட்சியே இல்லையே என்று மற்றவர்களிடம் வாதாடி, குற்றமற்றவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நீதிபதி வேஷத்திலிருந்த மருந்துக்கடை ராய்ஸ் ஆமன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விழாக் குழுத் தலைவரும் அவரே. வெளியே ஐம்பது பிள்ளைகள் கையில் ஆப்பிளோடு வரிசையில் நின்றார்கள்.

ராய்ஸ் குனிந்து கிசுகிசுத்தார். "வெண்டல், ஒரு பத்து நிமிஷம் நின்னுட்டுப் போயேன். பிள்ளைங்க பாவம்ல."

"விடுதலைன்னு சொல்லிட்டாங்களே, ராய்ஸ்."

"அதெல்லாம் நாடகம்ப்பா."

"தொழுமரம் மட்டும் நெசமா?" என்றார் வெண்டல். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவர், அன்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கூழ் வாங்க நின்றார்.

கூழ் ஊற்றிய பெண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் ஏமாற்றத்துக்குப் பெற்றோர் அவரைத்தான் குறை சொன்னார்கள். மறுநாள் தேவாலயத்தில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.

மனைவி லுவெல்லா காரில் வரும்போது சொன்னாள்: "திருடனா இருந்த வரைக்கும் ஊரே உன்னோட சிரிச்சுப் பேசுச்சு. நல்லவன்னு தீர்ப்பு வந்துச்சு, ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கலை."

அடுத்த வருஷம் இசாயா வேஷம் ராய்ஸின் மருமகனுக்குப் போனது. வெண்டலை நடுவர் வரிசையில் உட்காரவைத்தார்கள். மருமகன் மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் மன்றாடினான். வெண்டல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். குற்றவாளி என்போர் கை தூக்கலாம் என்றதும் முதல் கை அவருடையதுதான்.

பிறகு வெளியே வந்து, பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று, அவ்வளவாக அழுகாத, கெட்டியான ஆப்பிளாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்டார்.